லின்ஸில் இறங்கியவள்

ஹம்பர்க்கிலிருந்து வியன்னாவுக்கு நான், டோர்பன், வீப்கே என மூன்று பேர் இரவு ரயிலில் கிளம்பியிருந்தோம். விடிந்ததும் ரயில் பணியாளர் கதவைத் தட்டி, ஒரே ஒரு காப்பியை நீட்டினார்.

"அடுத்த ஸ்டேஷன் லின்ஸ். அங்க இறங்குறவங்களுக்கு இது, எழுப்பிவிடுங்க."

"இங்க எல்லாருமே வியன்னாதான்," என்றான் டோர்பன்.

"வீப்கேன்னு ஒரு பொண்ணு, எழுப்பச் சொல்லிச்சே?"

மேல் படுக்கையில் வீப்கே குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"தூக்கத்துல உளறியிருக்கும் லூசு," என்று சிரித்தான் டோர்பன். காப்பியை நாங்களே குடித்தோம்.

லின்ஸில் வண்டி நின்றது. நடைமேடையில் வீப்கே தன் பச்சைப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். என்னையறியாமல் நானும் அசைத்தேன். வண்டி கிளம்பியது.

டோர்பன் குனிந்து படுக்கைக்கு அடியில் பார்த்தான். பச்சைப் பெட்டி இல்லை.

மேலே குறட்டை நின்றது.

"யாருக்குடா கை காட்டுற?" என்றது வீப்கேயின் குரல்.

நாங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.