மாப்பிள்ளையின் இடுப்பு

"மாப்பிள்ளையோட அப்பாவுக்கு இடுப்பு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"குதிரை மாதிரி ஓடுவான், டீச்சரம்மா" என்றார் கான்ட்ராக்டர்.

"ஓடினதெல்லாம் வேண்டாம். எக்ஸ்ரே இருக்கா?"

"அவனோடது இல்ல. இவனோடது இதோ."

கால்நடை மருத்துவரின் மேஜைக்கு அடியில் மாப்பிள்ளை நாக்கைத் தொங்கப்போட்டபடி படுத்திருந்தது. கலப்பில்லாத ஷெப்பர்ட் ஜாதி. ஆசிரியையின் காலடியில் நின்ற பெண் நாய்க்கு வந்த நான்காவது வரன். முதல் மூன்றும் இடுப்பு சரியில்லை என்றுதான் தட்டிப்போயின.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தொடை எலும்போட பந்து, கிண்ணத்துல சரியா உட்காரல. இப்ப வலி தெரியாது. ஆனா குட்டிகளுக்கும் இது போகலாம்."

"ஆக, இவனும் அவுட்டு!" கான்ட்ராக்டர் சிரித்தார். "சொந்த மருமகனைக்கூட இவ்வளவு துருவியிருக்க மாட்டீங்க."

"மருமகனை நான் தூக்கிச் சுமக்க வேண்டாமே!" என்ற ஆசிரியையின் குரல் தணிந்தது. "இவளுக்கு முன்னாடி ஒருத்தனை வளர்த்தேன். அஞ்சு வயசுலயே பின்னங்கால் ரெண்டும் விழுந்துடுச்சு. ஒரு வருஷம் மாடிப்படியில நான்தான் தூக்கிட்டு ஏறி இறங்கினேன். வெட்கப்பட்டுக்கிட்டு என் முகத்தையே பார்க்க மாட்டான். இன்னொரு குட்டிக்கு அந்தக் கதி வரக் கூடாது."

கான்ட்ராக்டர் குனிந்து தன் நாயின் முதுகைத் தடவினார்.

"எடை ஏறாம பாத்துக்குங்க. நல்லாவே இருப்பான்" என்றார் டாக்டரம்மா.

கான்ட்ராக்டருக்குத் தெம்பு வந்தது. "சரி, நியாயம்னா ரெண்டு பக்கமும்தானே? பொண்ணு இடுப்பையும் பாத்துடலாம்!"

"தாராளமா! மூணு தலைமுறைக்கு சர்டிபிகேட் இருக்கு."

பெண்ணை மேஜையில் ஏற்றினார்கள். எக்ஸ்ரேவுக்கு முன் டாக்டரம்மா வயிற்றை மெல்ல அமுக்கினார். புருவம் உயர்ந்தது. ஸ்கேன் கருவியை இழுத்து வைத்துப் பார்த்தார்.

"எக்ஸ்ரே இப்ப வேண்டாம் டீச்சர். பொண்ணு முழுகாம இருக்கா. குறைஞ்சது நாலு குட்டி."

ஆசிரியை பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்படி? தெருவுல ஒரு செவலை நாய்தான் சுத்திக்கிட்டிருக்கு. ஆனா எங்க காம்பவுண்டு சுவரே ஆறடி உசரமாச்சே!"

"ஆறடியா?" டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையுறையைக் கழற்றினார். "அப்ப கவலையை விடுங்க. செவலை மாப்பிள்ளைக்கு இடுப்பு பிரமாதம்!"