முந்தாநாள் சால்னா

மாநகராட்சிச் சோதனையில் கடைக்காரர் தன் கடைச் சாப்பாட்டைத் தானே சாப்பிட்டுவிட்டு, கேமரா முன் பத்து நிமிடம் வாந்தி எடுக்காமல் உட்கார வேண்டும். அதற்காகச் சண்முகக்கனி பரோட்டாக் கடையை மூன்று நாள் தேய்த்துக் கழுவியிருந்தாள். கேமரா கண் திறக்குமுன் சால்னாக் கிண்ணத்தை எடுத்தாள். புளித்த வாடை முகத்தில் அடித்தது.

“பழைய சால்னாவைக் கலந்தியாய்யா?”

“முந்தாநாளுது. அது இல்லாம ருசி ஏதுடி?” என்றான் கணவன் இருளப்பன்.

“அப்ப நீ தின்னு.”

“லைசென்ஸ் உன் பேர்ல இருக்கு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கு.”

சோதனையில் தோற்றால் கடை போகும்; கடை போனால் சோறில்லை. முழுங்கினாள். நுரை நாக்கில் வழுக்கியது. ஒன்பதாவது நிமிடம் வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. இருளப்பன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். அந்தக் கையிலும் அதே வாடை.

கையைத் தட்டிவிட்டு, கேமராவைப் பார்த்தே வாந்தி எடுத்தாள்.