நண்டு வரைந்த ஆறு

கோடையில் ஆற்றின் கடைசிப் பள்ளம் ஒன்றில் விரால் மீன் மாட்டிக்கொண்டது. மேலேயிருந்து தண்ணீர் வருவதே நின்றுவிட்டது. "அவ்வளவு தண்ணியும் எங்கேதான் போகுது? பார்த்துட்டு வந்து சொல்லுங்கப்பா," என்று தட்டானிடமும் நண்டிடமும் கேட்டது.

இரண்டுக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஆர்வம். தட்டான் ஆற்றின் மேலே பறந்து பெரிய மதகுகளைப் பார்த்தது. நண்டு கரையோரமாகவே நடந்து, யார் யாரோ வெட்டிவிட்டிருந்த சின்ன மடைகளைக் கொடுக்கால் அளந்தது. மணல் மூட்டை அடுக்கிய தடுப்பைக்கூட விடவில்லை. வேலையில் குறை சொல்ல முடியாது.

திரும்பி வந்ததும், பள்ளத்தை ஒட்டிய தாழ்வான சேற்றில் படம் போட்டன. தட்டான் சொல்லச் சொல்ல நண்டு கீறியது.

"கோடு மெலிசா இருக்கு. விராலுக்குத் தெரிய வேணாமா? ஆழமாப் போடு," என்றது தட்டான். நண்டு ஒவ்வொரு கோட்டையும் மறுபடி தோண்டியது.

கடைசியாக ஆற்றை இழுத்து வந்து பள்ளத்தின் விளிம்பில் சேர்த்தது. உடனே தண்ணீர் படத்துக்குள் புகுந்தது. ஆறு ஓடியது, வாய்க்கால்கள் பிரிந்தன, மடைகள் எல்லாம் வெயிலில் மின்னின.

"அடடா! அசல் ஆறேதான்!" என்று தட்டான் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

விரால் முதுகு வெளியே தெரியக் கிடந்தது.

"எல்லாம் நல்லாப் புரிஞ்சுது," என்றது. "ஒண்ணுதான் விட்டுப்போச்சு. இந்தப் படத்தையும் அதுல குறிச்சுடுங்க."