சத்தமில்லாத சப்பாத்து

லயத்து வீடுகளுக்குக் கீழே, தேயிலை மலையைச் சுற்றிப் போகும் பாதையில் பனி இன்னும் விலகவில்லை. மலைத்தண்ணீர் கொட்டும் பீலியோரம் உட்கார்ந்து விமலேஸ்வரி புதுச் சப்பாத்தைத் தடவிப் பார்க்கிறாள். அதன் அடித்தோல் ரொட்டிக் கனம்கூட இல்லை. சுருட்டினால் கைக்குள் அடங்கிவிடுகிறது. தடித்த சப்பாத்தில் ஓடி ஓடி அவளுக்கு முழங்கால் நோவு கண்டிருக்கிறது. இதிலும் நொந்தால் றக்வான ஓட்டப்போட்டியை மறந்துவிட வேண்டியதுதான். "வெறுங்காலு மாதிரி இருக்கணும்னா வெறுங்காலோடயே ஓடலாமே அக்கா?" என்கிறாள், கொழுந்துச் சாக்கோடு நிற்கும் பக்கத்து வீட்டுக் கோகிலா. "ஒடஞ்ச போத்தல் ஏறுனா நீயா காலு தருவ?" என்று கேட்கும் விமலேஸ்வரி பேச்சுவாக்கில், இரத்தம் குடிக்கும் அட்டை ஏறாமலிருக்க வழக்கமாகச் செய்வதுபோல், பாதமெல்லாம் சவுக்காரம் தேய்த்துவிடுகிறாள். காலுறை இல்லாமல் போடும் சப்பாத்து. உள்ளே கால் மீனாக வழுக்குகிறது. கோகிலா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். விமலேஸ்வரி காலைப் பீலியில் கழுவி, துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு நடக்கிறாள். கல்லின் முனை, வேரின் முடிச்சு, மண்ணின் குளிர் எல்லாமே உள்ளங்காலுக்குத் தெரிகின்றன, எதுவும் குத்தவில்லை. நடை மெல்ல ஓட்டமாகிறது. குதிகால் இடிக்கவில்லை, பாதத்தின் முன்பக்கம்தான் முதலில் தரையைத் தொட்டுப் பார்க்கிறது. பழைய 'தொப் தொப்' சத்தம் எங்கே போனதென்று அவளே காதைத் தீட்டிக்கொண்டு ஓடுகிறாள். கோயில் வளைவு வருகிறது. தினமும் அவள் காலடி கேட்டு நாய் குரைப்பதும் அங்கேதான், முழங்கால் நோகத் தொடங்குவதும் அங்கேதான். மூச்சைப் பிடித்தபடி வளைவில் திரும்புகிறாள். நாய் சுருண்டு தூங்குகிறது. அவள் தாண்டிப் போகையில் அதன் காது மட்டும் ஒருமுறை ஆடுகிறது. முழங்கால் அதுகூடச் செய்யவில்லை.