பத்தாவது ஆள்

விடிந்துவிட்டால் தெருவில் படுத்திருப்பவர்கள் கலைந்துவிடுவார்கள். மாவட்ட ஆபீஸிலிருந்து வந்த கிளார்க்கம்மா பஸ் ஸ்டாண்ட், பாலத்தடி என்று சல்லடை போட்டுத் தேடியும் ஒன்பது பேர்தான் தேறினார்கள்.

"பத்துப் பேர் இல்லேன்னா வீடில்லாதவங்க விடுதிக்கு நிதி கிடையாதாம். சின்ன ஊருன்னா அவ்வளவு இளக்காரம்!" என்று பொருமினாள்.

"இன்னும் ஒருத்தர் இருக்காரு மேடம்," என்றார் ஜீப் டிரைவர். "சந்தையில, எடைமேடைக்குப் பின்னால. மூணு மாசமா அங்கதான் படுக்கை."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கணக்கைச் சரிபார்க்க வந்திருந்த அதிகாரியையும் அழைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

சாக்குக்குள் சுருண்டிருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். டார்ச் வெளிச்சத்தில் கண்கள் கூசின.

"வீடு வாசலோட சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் அதிகாரி. "இருந்தா உங்களைச் சேர்க்க முடியாது. ஒரு ஆள் குறைஞ்சா அந்த ஒன்பது பேருக்கும் விடுதி இல்ல."

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"யாருமில்லீங்க. புள்ளகுட்டியும் இல்ல. எழுதிக்கம்மா."

பேனா எழுதவில்லை. இரண்டு தடவை உதறிவிட்டு எழுதினாள். அதிகாரி கையெழுத்தைப் போட்டுவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் அவள் மண்டியிட்டாள்.

"அண்ணன் வீட்டுல இருக்கீங்கன்னுதானேப்பா நெனச்சிட்டிருந்தேன்..."

"அவன் நான் உன் வீட்டுல இருக்கேன்னு நெனச்சிட்டிருப்பான்," என்றார் பெரியவர். "சத்தம் போடாதம்மா. ஜீப் இன்னும் கிளம்பல."