ஏஞ்சல் மீனுக்கு முன்னால் சத்தம் போடக் கூடாது

முல்லைத்தீவே அதிரும்படி கத்த வேண்டும்போல் இருக்கிறது ஆதம்பாவாவுக்கு; ஆனால் தொண்டையைத் திறக்க முடியாது. தொட்டிக்குள் ஏஞ்சல் மீன் சோடி நிற்கிறது. சாய்த்து வைத்த ஓட்டுத் துண்டில் முந்நூறு முட்டை. அவர் ஊருக்குச் சொல்லும் கணக்கில் மூவாயிரம். திடீர் வெளிச்சமோ சத்தமோ பட்டால் வெருண்டு, இட்ட முட்டையைத் தாங்களே தின்றுவிடும் சாதி. இரண்டு தடவை அப்படித்தான் போனது. அதனால் இரண்டு நாளாகத் தொட்டிக்குப் போர்வை. வீட்டில் தும்முகிறவர்கள் ரோட்டுக்குப் போய்த்தான் தும்ம வேண்டும். இப்போது அந்தப் போர்வை மனைவியின் தங்கை மஸீனாவின் கையில் தொங்குகிறது. பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனால் முகத்துணியை விலக்கித்தானே பார்ப்பது என்று, வந்த கையோடு உருவிவிட்டாள். யன்னல் வெயில் கண்ணாடியில் பளீரென்று விழ, பெண் மீன் திரும்பி முட்டைகளைக் கடலை கொறிப்பதுபோல் கொறிக்கிறது. ஆண் மீன் மட்டும் மிச்சத்துக்குச் செட்டையால் விசிறிக்கொண்டு நிற்கிறது.

"உம்மை ஆர் துணியை எடுக்கச் சொன்னது?" அவர் கழுத்து நரம்பு கயிறாகப் புடைக்கிறது, குரல் மட்டும் காற்றாக வருகிறது. "பார்க்கத்தானே மச்சான் வந்தனான்," என்று அவளும் கிசுகிசுக்கிறாள். "அது என்ன செய்யுது?" "தின்னுது. நீர் வெருட்டினதிலை முட்டையைத் தின்னுது." மஸீனா கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிகிறாள். நாலு பிள்ளை பெற்றவள், முகம் சிவக்கிறது. "அடி பாவி, பெத்த வயிறோ உனக்கு," என்று அயலெல்லாம் கேட்க வைகிறாள். அவள் வாயைப் பொத்த நீண்ட ஆதம்பாவாவின் கை, மச்சினியாயிற்றே என்று பாதியில் நிற்கிறது. ஆண் மீன் விசிறுவதை விட்டுவிட்டு மெல்ல ஓட்டுப் பக்கம் திரும்புகிறது.