திருப்பி அடிக்காதவன்

முதல் குத்தில் ஹைத்தமின் உதடு கிழிந்தது. இரண்டாவது குத்தில் காபிக்கடை மேசையோடு கவிழ்ந்தான்.

"எழுந்து அடிடா, பொட்டி தட்டுறவனே!" என்று கத்தினான் பக்கத்து வீட்டு மொன்ஸெஃப். மூன்று நாளாகக் காரணமே இல்லாமல் வம்புக்கு வருகிறான்.

துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரக் கடைத்தெருவே சிரித்தது. ஹைத்தம் எழுந்து, கைகளைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். ஜெர்மனியில் புரோகிராமர் வேலை தயார். விசாவுக்குப் போலீஸ் நற்சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. ஓர் அடி திருப்பிக் கொடுத்தால் வழக்கு. வழக்கு வந்தால் சான்றிதழ் கிடையாது.

விலாவில் உதை விழுந்தது. வாங்கிக்கொண்டான்.

வீட்டில் அம்மா அழுதபடியே ஐஸ் ஒற்றினாள். "ஒரே ஒரு அடி திருப்பிக் கொடுத்திருக்கக் கூடாதாடா?"

"கொடுத்தா விசா போயிடும்மா. நாளைக்குச் சான்றிதழ் வந்துடும், பொறுத்துக்கறேன்."

கதவு தட்டும் சத்தம் கேட்டு அம்மா வாசலுக்குப் போனாள். மொன்ஸெஃபின் தணிந்த குரல் ஹைத்தமின் காதில் விழுந்தது.

"மன்னிச்சுக்குங்க பெரியம்மா. நீங்க சொன்ன மாதிரியே மூணு நாளா அடிச்சுப் பாத்துட்டேன். கையே ஓங்க மாட்டேங்கறான். பாவமா இருக்கு."

"இவன் அண்ணனும் இப்படித்தான் வெளிநாடு போனான், திரும்பவே இல்லை" என்று விம்மினாள் அம்மா. "இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்கு. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமா அடிச்சுப் பாருப்பா!"